கடலிலிருந்து ஒரு பிரசென்ட்

பெனிட்டோவுக்கு இருபத்தேழு வயது. திருவொற்றியூரில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறான். ராயபுரத்தில் அப்பாவின் மொத்த மளிகைக் கடையில் உட்காரச் சொன்னால் அரை மணி நேரம் தாங்கமாட்டான். லேப்டாப் கையில் இருந்தால் சோறு தண்ணி வேண்டாம்.

ஜூன் மாதம் அவனே ஒரு வருகைப் பதிவு ஆப் செய்துகொண்டு வந்தான். வகுப்பில் எண்பது பேர். பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். இனி காலை பத்து மணிக்கு ஒவ்வொருவரும் தங்கள் ஃபோனில் பச்சைப் பட்டனை அமுக்கினால் போதும். அவன் டேப்லெட்டில் பேர் பச்சையாகும். ஃபோன் கல்லூரிக்கு வெளியே இருந்தால் சிவப்பு, அதாவது ஆப்சென்ட். ஒரு ஃபோனுக்கு ஒரு பேர்தான். மற்ற ஆசிரியர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பெனிட்டோவுக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பரில் பல்கலைக்கழகத் தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். அன்று மதியம் இரண்டாம் ஆண்டு கிறிஸ்டினா தன் அப்பாவோடு வந்து நின்றாள். அப்பா ஸ்டானிஸ்லாஸ், முகத்துவாரக்குப்பத்தில் ஃபைபர் போட் வைத்திருப்பவர்.

"சார், லிஸ்ட்ல என் பேரு இல்ல சார்."

"எப்படிம்மா இருக்கும்? முப்பத்தோரு பர்சன்ட்தான் வந்திருக்க. எழுபத்தஞ்சு வேணும். கிளாசுக்கு வராம எங்க சுத்தினு இருந்த?"

"டெய்லி வந்தேன் சார்! ஒரு நாள் லீவு போடல!"

பெனிட்டோ டேப்லெட்டில் அவள் பேரைத் தட்டினான். வரைபடம் விரிந்தது. சிவப்புப் புள்ளி ஒன்றுகூடத் தரையில் இல்லை; எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கிழக்கே, நீல நிறத்தில் சிதறிக் கிடந்தன.

"கடல்ல நிக்கறியேம்மா!" சிரித்துவிட்டான். கூட யாரும் சிரிக்கவில்லை.

"அது நான்தான் சார்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"நீங்களா?"

"வூட்டுல ஒரே ஃபோனு சார். போட்டுல எடுத்துனு பூடுவேன், வலை வுட்ட எடம் அதுலதான் தெரியும். பத்து மணிக்கு பச்ச பட்டன அமுக்கு நைனான்னு பாப்பா சொல்லிச்சு. ஒரு நாள் மறக்கல சார். வலை இழுத்துகினு இருந்தாக்கூட, மீனு கையக் கழுவிட்டு அமுக்குவேன். செவப்பா ஒண்ணு வரும். சரி, அட்டென்டென்ஸ் உழுந்துடுச்சுன்னு வெச்சிடுவேன்."

குப்பத்தில் அதுதான் வழக்கம். ஃபோன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்கே வேலை பார்க்க வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிவானாலும், சின்னம்மாவின் பேங்க் ஓடிபி நம்பர் வந்தாலும், கடலிலிருந்தே பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போட்டுப் படித்துச் சொல்வார் ஸ்டானிஸ்லாஸ். மகள் வருகையும் அதில் ஒன்று. கடலுக்குப் போகாத நாட்களில் ஃபோன் அவளிடம் இருந்தது. அந்த நாட்கள் மட்டும்தான் பச்சை.

"வாரா வாரம் மெயில் போச்சே அண்ணே?"

"இங்கிலீசுல இன்னாவோ வந்துகினேதான் இருக்கும். லோன் தரேன்னு அனுப்பறானுங்கன்னு தள்ளிட்டேன்."

பெனிட்டோ கிறிஸ்டினா பக்கம் திரும்பினான். "ஃபோன் இல்லாதவங்க கை தூக்குங்கன்னு முதல் நாளே கேட்டேனே?"

"வூட்ல ஃபோன் கீதே சார். அதான் தூக்கல. எங்கேந்து அமுக்கினாலும் ஏறும்னு நெனச்சேன்."

பெனிட்டோ இருவரையும் இழுத்துக்கொண்டு முதல்வர் ஆவுடையம்மாள் அறைக்கு ஓடினான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். முதல்வர் பொறுமையாகக் கேட்டார்.

"திருத்த இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். பத்து மணி கிளாஸ் எடுத்த ஆசிரியர் நேர்ல பாத்ததா எழுதிக் கையெழுத்துப் போடணும். கூடப் படிக்கறவங்க சாட்சி செல்லாது."

"இப்பவே எழுதறேன் மேடம்!"

"இருங்க. நாளைக்கு யூனிவர்சிட்டில கூப்பிட்டு கேப்பாங்க. நானும் கேக்கறேன். இந்தப் பொண்ணு எங்க உக்காருவா?"

பெனிட்டோ யோசித்தான். பத்து மணி வகுப்பு என்றாலே டேப்லெட்டின் வெளிச்சம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொன்றாகப் பச்சையாகும் பேர்கள். அதற்கப்புறம் திரையில் ஓடும் பாடம். முகம் ஒன்றுகூட வரவில்லை.

"ஜன்னல் ஓரம்... மூணாவது பெஞ்ச், மேடம்."

கிறிஸ்டினா தலையைக் குனிந்துகொண்டாள். "முதல் பெஞ்ச் சார். உங்க டேபிளுக்கு நேரா."

ஆவுடையம்மாள் பேனாவை மூடினார்.

"அவ வந்தது நிஜம் மேடம். இது பொய்யில்லையே!"

"நிஜந்தான் பெனிட்டோ. ஆனா நீங்க பாக்கலியே. பாத்தேன்னு எப்படி எழுதுவீங்க? அதுக்குக் கீழ நான் எப்படிக் கையெழுத்து போடுவேன்?"

அவன் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

வராந்தாவில் ஸ்டானிஸ்லாஸ் மெதுவாகக் கேட்டார். "அடுத்த வருசம் எழுதலாமா சார்?"

"இதே வருஷத்த மறுபடி படிக்கணும் அண்ணே. நான் பாத்துக்கறேன். ஃபோன்கூட நானே வாங்கித் தரேன்."

"வேணாம் சார்," என்றாள் கிறிஸ்டினா. அவள் அழவில்லை. "எறா உரிக்கற கம்பெனில ஆள் எடுக்கறாங்க. போறேன் நைனா."

"கிறிஸ்டினா, அவசரப்படாத..."

"உங்க எதுர்லதான் சார் உக்காந்துனு இருந்தேன்."

பெனிட்டோ பஸ் நிறுத்தம் வரை அவர்கள் கூடவே போனான். ஸ்டானிஸ்லாஸ் இரண்டு முறை ஏதோ கேட்க வந்து நிறுத்தினார். எண்ணூர் பஸ் திரும்பும்போதுதான் கேட்டார்.

"நான் அமுக்குனதுதான் தப்பாயிடுச்சா சார்?"

"இல்லண்ணே. தப்பு என்னுது."

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. படித்த வாத்தியார் செய்த ஆப் தப்பாக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? பஸ்ஸில் மகள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இரண்டு கைகளும் கும்பிடுவதுபோல் சேர்ந்திருந்தன. கிறிஸ்டினா அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.