பொழுதோடு ஒரு மீட்டிங்

மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைத்துத் தரம் பிரிக்கும் கம்பெனியில், திண்டிவனம் யூனிட்டுக்கு மேனேஜரான நாள் முதல் ஜெயமதி கேட்டுக்கொண்டிருந்தது ஒரு வேன். தனக்கு இல்லை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பன்னிரண்டு பெண்களுக்கு. இன்னும் ஒரு மாதம்தான், அப்புறம் எல்லோரும் வேலையை விட்டு நின்றுவிடுவோம் என்று சூப்பர்வைசர் அம்சா சொல்லியாயிற்று. அம்சா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

கம்பெனியும் சும்மா இல்லை. வேனுக்குப் பதிலாக ஜெயமதியை ஆளுமைப் பயிற்சிக்கு அனுப்பியது. சென்னை ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள். நாற்காலியை நிறைத்து உட்காரவும், குரலை இறக்கவும், பேசுவதற்கு முன் மூன்று விநாடி மௌனம் காக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். விழுப்புரம் தலைமை அலுவலகத்தின் மாதக் கூட்டத்தில் அவள் மூன்று விநாடி மௌனம் காத்தாள். அதற்குள் பர்ச்சேஸ் மேனேஜர் சீனுவாசன் நான்கு வாக்கியம் பேசி முடித்திருந்தார். பிறகு அவள் வாய் திறந்தாலும், "அதாவது, மேடம் இன்னா சொல்ல வராங்கன்னா..." என்று அவரே உரை எழுதினார். உரையில் வேன் இல்லை.

ஆறு மணிக்கு ஜெனரல் மேனேஜர் அரங்கநாதன் "பாத்துக்கலாம்" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். மறுநாள் காலை வழக்கம்போல முடிவுகள் வாட்ஸப்பில் வந்தன. அவற்றை யார், எங்கே எடுத்தார்கள் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

அம்சாதான் கேட்டாள். "மீட்டிங் முடிஞ்சி அவங்கல்லாம் எங்க மேடம் போறாங்க?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி பரோட்டா கடைக்கு."

"நீங்க?"

"நாங்க ஜைனருங்க இல்ல, பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். டப்பாவ பஸ்லயே முடிச்சிட்டு வந்துடுவேன்."

"அப்ப மீட்டிங் பரோட்டா கடைலதான் நடக்குது. நீங்க போய்க்கினு வர்றது வெறும் கடவுள் வாழ்த்து."

ஜெயமதி மூன்று விநாடி மௌனமாக இருந்தாள். இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை.

பரோட்டா கடையில் தண்ணீர் பாட்டிலோடு போய் உட்காரலாம்தான். ஆனால் தின்கிறவர்கள் நடுவே தின்னாமல் உட்கார்ந்தால் ஆடிட்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த கூட்டத்தில், நாலரை மணிக்குப் பொங்கலும் மெதுவடையும் சாம்பாரும் அறைக்குள் வந்து இறங்கின.

"இன்னா மேடம், எதுனா விசேஷமா?" என்றார் சீனுவாசன்.

"நாங்க பொழுதோட சாப்பிடறவங்க சார். இன்னிக்கு எல்லாரும் கூட உக்காருங்க. சாப்பிட்டுக்கினே பேசலாம்."

சீனுவாசனின் வாயில் இரண்டாவது வடை முழுசாக இருந்த நேரம் பார்த்து அவள் ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேர், ஒரு வேன், அம்சா நின்றுவிட்டால் தரம் பிரிக்க ஆளில்லாத யூனிட். முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் சீனுவாசன் விழுங்கி, தண்ணீர் குடித்து, கூட்டத்துக்குத் திரும்பி வந்தார்.

"அதாவது, மேடம் இன்னா சொல்ல வராங்கன்னா..."

"சொல்ல வரல சார். சொல்லிட்டேன்."

அரங்கநாதன் சாம்பார்க் கிண்ணத்துக்குள் குனிந்து சிரித்தார். நிமிர்ந்தபோது முகம் ஜெனரல் மேனேஜருடையதாக இருந்தது. "பாத்துக்கலாம்மா."

"இப்பவே பாத்துடலாம் சார். எல்லாருக்கும் வயிறு ரொம்பிடுச்சி. இனிமே நேரா வூட்டுக்குத்தான் போவீங்க."

அரங்கநாதன் மேசையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பேர் பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார்கள். மறுக்க முடியாத சாட்சி.

"சீனு, நீ இன்னா சொல்ற?"

"வேன் நல்லதுதான் சார். நானே சொல்லணும்னு இருந்தேன்."

"அப்ப எழுதிக்கம்மா. ஒண்ணாம் தேதிலேர்ந்து."

ஜெயமதி கூட்டக் குறிப்பில் எழுதினாள். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஏறியதும் அம்சாவைக் கூப்பிட்டாள். "வேன் வருது."

"நெஜமாவா? யாரு சொன்னாங்க?"

"நான் சொன்னேன்."



"அப்ப டிரைவர் பக்கத்து சீட்டு எனக்குன்னும் சொல்லிடுங்க" என்றாள் அம்சா.