எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு

நீதிமன்றத் திரையில் ஓடிய போலீஸ் வீடியோவில் தன் முகத்தைப் பார்க்கவே ஆர்லீனுக்குக் கூசியது. பிக்கப் வண்டியின் கண்ணாடி இறங்குகிறது. டார்ச் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்கிறார் போலீஸ்காரர்.

திரையில் இருக்கும் ஆர்லீன் நாக்குழறச் சிரிக்கிறாள். "கவலப்படாதீங்க ஆபீசர். எல்லாம் என் கண்ட்ரோல்ல இருக்கு!"

அரசு வக்கீல் கெஸ்லர் படத்தை அங்கேயே நிறுத்தினாள். ஜூரிகள் ஆறு பேரும் ஆர்லீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் நார்த் டகோட்டா மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால்தான் வழக்கு என்றில்லை. குடித்திருக்கும்போது வண்டி உங்கள் கண்ட்ரோலில் இருந்தாலே போதும். ஆர்லீன் ஓட்டவில்லை. தங்கையின் கல்யாண விருந்தில் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டு, கணவன் கர்ட் வரட்டும் என்று மண்டப வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிர். ஹீட்டருக்காக இன்ஜினைப் போட்டிருந்தாள். அவ்வளவுதான். ஆனால் குற்றம் என்று முடிவானால், ஸ்கூல் பஸ் ஓட்டும் லைசென்ஸ் போய்விடும். அதோடு வேலையும்.

"கூண்டுல ஏறினதும் அந்த கண்ட்ரோல்ங்கற வார்த்தைய மட்டும் வாயில எடுக்காத தாயே" என்று கிசுகிசுத்தான் அவளுடைய வக்கீல் டுவேன். "நாம சொன்னா, ஒண்ணும் பிரச்சனையில்லன்னு அர்த்தம். சட்டத்துல அப்படியில்ல. வண்டிய நகர்த்துற பவர் உன்கிட்ட இருந்தா அதுக்குப் பேருதான் கண்ட்ரோல். நகர்த்தினியா இல்லையான்னு யாரும் பாக்க மாட்டாங்க. கேட்டா, தலை சுத்திச்சு, கியர் எது பிரேக் எதுன்னே தெரியலன்னு சொல்லிடு."

"தெரிஞ்சுதே டுவேன்."

"கடவுளே! கொஞ்சம் வாய மூடறியா?"

கூண்டில் ஏறியவளிடம் கெஸ்லர் இனிமையாகத்தான் ஆரம்பித்தாள். "கண்ட்ரோல்ல இருக்குன்னீங்களே, எதச் சொன்னீங்க?"

"என் வயித்த. வாந்தி தொண்டை வரைக்கும் வந்திருச்சு."

ஜூரிகள் சிரித்தார்கள். கெஸ்லரும் சிரித்தாள்.

"சாவி?"

"போட்டுத்தான் இருந்துச்சு."

"காலு பெடலுக்கு எட்டிச்சா?"

"எட்டிச்சு."

"அப்ப நினைச்சிருந்தா ஓட்டிட்டுப் போயிருக்கலாம். அந்த பவர் இருந்துச்சா, இல்லையா?"

டுவேன் பேனாவை இறுகப் பிடித்தான். பின் வரிசையில் கர்ட் தலையைக் குனிந்துகொண்டான். தலை சுத்திச்சு. அது ஆர்லீனின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் எது கியர், எது பிரேக் என்று தெரியாதவளை நம்பியா ஊர்க்காரர்கள் பனிப்புயலில் பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள்?

"இருந்துச்சு" என்றாள். "ஓட்டிருக்கலாம். வீடு பக்கம்தான். ஆசையாக்கூட இருந்துச்சு. ஆனா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்க ஊர்ல அதத்தான் கண்ட்ரோல்னு சொல்லுவோம்."

டுவேன் கண்ணை மூடிக்கொண்டான். முன் வரிசையில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஜூரிப் பெண் தன்னையறியாமல் தலையாட்டினாள்.

"நன்றி. வேற கேள்வி இல்ல" என்று கெஸ்லர் உட்கார்ந்தாள்.

கலந்துபேச உள்ளறைக்குப் போன ஜூரிகள் நீதிபதிக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்கள். பவர் இருந்தும் அதை உபயோகிக்காவிட்டால், அது கண்ட்ரோலா? நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டத்தில் உள்ள வரியை மறுபடி வாசித்தார். பவர் இருந்தாலே கண்ட்ரோல்தான்.

முடிவைச் சொல்ல எழுந்தது அந்தப் பச்சை ஸ்வெட்டர்காரிதான். "குற்றவாளி" என்று சொல்லும்போது அவள் ஆர்லீனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

ஆர்லீன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "திங்கக்கிழம என் பஸ்ஸ எடுக்கறவங்ககிட்ட யாராவது சொல்லிடுங்கய்யா. தானியக் கிடங்குத் திருப்பத்துல பனிக்கு அடியில ஐஸ் இருக்கு, மேல பாத்தா தெரியாது. பிரேக்க மிதிச்சிடக் கூடாது. சும்மா உருட்டிவிட்டா அதுவா திரும்பிடும்."