மண்டையோடு அறுத்தபோது வந்த சிரிப்பு

மருத்துவக் கல்லூரியின் பிணக்கூடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மண்டையோட்டைப் பாதி அறுத்திருந்த ரம்பம் சிரித்தது. கரகரத்த ஆண்குரல். தள்ளும்போது ‘ஹெக்’, இழுக்கும்போது ‘ஹே’. மாணவர்கள் முதலில் பிணத்தைத்தான் பார்த்தார்கள். அது வாயை மூடிக்கொண்டிருந்தது. துறைத் தலைவி, அறுத்துக்கொண்டிருந்த ஊழியரைப் பார்த்தார்.

மரக்கடைக்காரர் என்றுதான் அங்கே அவருக்குப் பெயர். இருபது வருஷம் மில்லில் மரம் அறுத்துத் தோள்பட்டை இறங்கிப்போய், எலும்பறுக்க வந்தவர். நெற்றியைச் சுற்றி நூல் கட்டி, நூலோரமாகவே அறுத்து, மண்டையை டப்பா மூடிபோலக் கழற்றிக் கொடுப்பார். கல்லூரி ரம்பம் ஈர எலும்புத்தூளில் சிக்கிச் சிக்கி நின்றதால், யாரையும் கேட்காமல் மில்லில் பிடித்த தன் பழைய ரம்பத்தைக் கொண்டுவந்திருந்தார். சொன்னால் வேலை போகும் என்று வாயைத் திறக்கவில்லை. அதுவே சந்தேகத்துக்குத் தீனியாயிற்று.

“செத்தவங்களப் பாத்துச் சிரிக்கிற ஆளு இங்க வேண்டாம்ப்பா.”

“நான் சிரிச்சு வருஷக்கணக்காச்சு மேடம்.”

“அப்ப சிரிச்சது யாரு, எங்க தாத்தாவா?”

அடுத்த செவ்வாய் அவர் வாயில் பிளாஸ்திரி ஒட்டி அறுக்கச் சொன்னார்கள். ரம்பம் கூடுதலாகவே சிரித்தது. வயிற்றிலிருந்து சத்தம் வருகிறதோ என்று ஒரு மாணவி ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாள். பசி மட்டும் இருந்தது. மூன்றாம் வாரம், வேலைநீக்க உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் மனைவியை வரவழைத்தார் தலைவி.

அறுப்புச் சத்தத்தைக் கதவருகே நின்று கேட்ட மனைவி, “அவரு சிரிப்புதான்” என்றார்.

வாயில் பிளாஸ்திரியோடு மரக்கடைக்காரர் ரம்பத்தை நிறுத்தினார். கட்டினவளே கழுத்தை அறுக்கிறாளே என்று முறைத்தார்.

“கல்யாணமான புதுசுல தெருமுனை வரைக்கும் கேக்கும் மேடம். மில்லுக்குப் போயிப் போயி எங்கயோ விட்டுட்டு வந்துட்டாரு. வேற எவகிட்டயோ போயிச் சிரிக்கிறாருன்னு நான் எத்தன வருஷம் சந்தேகப்பட்டிருக்கேன் தெரியுமா!”

தலைவி மரக்கடைக்காரரைக் காவலாளியோடு வெளிவாசலுக்கு அனுப்பிவிட்டுத் தானே அறுத்தார். கோடு கோணலாகப் போனது; சிரிப்பு மாறவில்லை. கல்லூரி ரம்பத்தை எடுத்தார். அது சிரிக்கவில்லை, நெற்றியைத் தாண்டவும் இல்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது, ஆறு மண்டை பாக்கி. ஆளைத் திரும்பக் கூப்பிட்டார்.

“இது உன் சொந்த ரம்பமா?”

மரக்கடைக்காரர் பிளாஸ்திரியைப் பிய்த்தார். “ஆமா மேடம்.”

“துருப்பிடிக்காம பாத்துக்க.”

ஒன்பது வருஷம் ஆகிறது. செவ்வாய்தோறும் அறுப்புக்கு முன் தலைவி டார்ச் அடித்து அவர் வாய்க்குள் பார்ப்பது நிற்கவில்லை. ரம்பம் சிரிக்கும்போது பாடத்தை நிறுத்தி, முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வெளியே வராந்தா பெஞ்சில் மரக்கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருப்பார். மண்டை கழன்று சத்தம் நின்றதும் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைப்பார்.