நத்தையின் கொம்பு

பின்லாந்தின் துர்க்கு நகரில் கப்பலேறி சுவீடன், டென்மார்க், ஜெர்மனி, போலந்து என்று காரில் சுற்றி, எஸ்டோனியாவில் மறுபடி கப்பலேறி பின்லாந்து திரும்புவதாக ஹில்க்கா வரைபடத்தில் வளையம் போட்டுவிட்டாள். காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும்படி சக்கரங்கள்மேல் தான் கட்டிய நீராவிக் குளியலறை இல்லாமல் வரமாட்டேன் என்றான் அவள் கணவன் உர்ப்போ. அதன் புகைபோக்கியோ கப்பலில் அனுமதித்த உயரத்தைத் தாண்டியது.

“நத்தை ஓட்டை விட்டுட்டா ஊர் சுத்தும்? நீ மட்டும் போய்ட்டு வா.”

“மேல இடிச்சா நத்தை கொம்பை உள்ள இழுத்துக்கும்ல,” என்ற ஹில்க்கா, வெளியே போய்த் திருகாணிகளைக் கழற்றிப் புகைபோக்கியை இறக்கினாள். குளியலறைக்குள்ளே, நீராவியில் படுத்துக்கொள்ளும் பலகைமேல் அதைப் படுக்கவைத்தாள்.

உர்ப்போ எட்டிப் பார்த்தான்.

“என் இடத்துலயே படுத்திருக்கு பாரு. சரி, கரை சேர்ற வரைக்கும் படுத்துக்கட்டும்,” என்றவன், சிரித்துக்கொண்டே இருவருக்கும் கப்பல் சீட்டு பதிவுசெய்ய உட்கார்ந்தான்.