பார்க்க வந்தவர்களுக்குக் கோழி

பெரியம்மாவின் தொடை எலும்பு முறிந்ததற்கு எங்கள் வீட்டில் நேற்றுவரை மூன்று கோழி அறுத்தாகிவிட்டது. ஒரு துண்டுகூட அவள் வாய்க்குப் போகவில்லை.

ஓடையில் வழுக்கி விழுந்தவள். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். கூட இருந்த என்னிடம்தான் டாக்டரம்மா சொன்னார்: "வயசானவங்களுக்குப் புரதச்சத்து கூடுதலா வேணும்மா. தினமும் முட்டை, பருப்பு, மொச்சை. முடிஞ்சா கறி, மீனு. இல்லன்னா எலும்பு ஒண்ணு சேர நாளாகும், சதையும் கரைஞ்சிடும். அப்புறம் எழுந்து நிக்கறதே கஷ்டம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் குரல் எப்போதும் சின்னது. பெரியப்பா சின்னதம்பி பீடியை அணைக்காமலே கேட்டார்.

"முட்ட சூடு. மொச்ச வாயு. கறி துன்னா தையல் போட்ட எடம் சீழ் வெச்சிக்கும். ரசஞ்சோறு போடு. டாக்டரு இன்னா, இந்த மலையிலயா பொறந்துச்சி?"

அன்றிலிருந்து ரேஷன் அரிசிச் சோறும் ரசமும்தான். ஆனால் படுத்திருப்பவளைப் பார்க்க மலையேறி வருகிற உறவுக்குக் கோழி அடிக்காமல் அனுப்பினால் வீட்டுக்கு மரியாதை இல்லையாம். வந்தவர்கள் கட்டிலருகே பன்னும் பிஸ்கட்டும் வைப்பார்கள். "இன்னா கெங்கம்மா, இப்பிடி எளைச்சி பூட்ட" என்று மூக்கைச் சிந்துவார்கள். பிறகு வாசலில் உட்கார்ந்து எலும்பைக் கடித்து உறிஞ்சுவார்கள். சமைப்பது நான். வாசனை மட்டும் அவள் கட்டிலுக்குத்தான் முதலில் போகும்.

நேற்று வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தேன். தொடை என் கை போல வற்றியிருந்தது. நடுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"வுடுடி. இனிமே எனக்கு கட்டில்தான்."

இன்று சம்பந்தி ராஜாக்கண்ணு வந்தார். பெரியப்பா கூடைக்கடியில் கைவிட்டு, முட்டையிடுகிற ஒரே கோழியையும் பிடித்தார்.

"அது வேணாம் பெரியப்பா."

"சம்பந்திக்கு ரசம் ஊத்த சொல்றியா?"

குழம்பு கொதித்து இறங்கியது. சட்டியிலிருந்த கறி முழுவதையும் தட்டில் அரித்துப் போட்டேன். கொண்டுபோய்ப் பெரியம்மாவின் மடியில் வைத்தேன்.

"அவுங்களுக்குப் போடுடி. பேரு கெட்டுப் பூடும்."

பெரியப்பா மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அவள் மேல் வந்தது.

"உன் காலப் பாக்கத்தான வந்தாங்க? அந்தக் காலு துன்னட்டும்."

"சீழ் வெச்சிக்கும்."

"தையல் பிரிச்சி மாசமாவுது. எங்க வெக்கும், கட்டில்லயா? நாளைக்கு நிக்கணும் நீ. துன்னு."

என் குரல் வாசல்வரை கேட்டிருக்கும். அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துப் பல் இருக்கிற பக்கமாக ஒதுக்கினாள். அடுத்ததை நான் பிய்த்துக் கொடுத்தேன். வேகமாக வாங்கினாள்.

"எல போட்டு எம்மா நேரம்?" என்று பெரியப்பா உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

பெரியம்மா மெல்வதை நிறுத்தவில்லை.

"சம்பந்திக்கு கொழம்பு ஊத்துடி," என்றாள், வாய் நிறையக் கறியோடு. "நல்லாத்தான் வெச்சிக்கிற."

நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.