வலது மூலையில் வைக்காத பட்டன்

அவன் தொட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை. இருந்திருக்க வேண்டும். நான்தான் வைக்கவில்லை. இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள் கீதாஞ்சலி.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் குணசீலன் டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஒடுகத்தூரிலிருந்து பைக்கில் மலையேறி வந்ததில் சட்டை தூறலில் நனைந்திருந்தது. அவள் கணவன் இளவரசன் ஏழு வருடம் வாசித்தது அவருடைய இசைக்குழுவில்தான்; கடைசி நான்கு வருடம் டேப்லட் திரையில் பட்டன்களைத் தொட்டே வாசித்தான். தை மாதம் ஒரு கச்சேரி முடிந்து வேனில் ஏறி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

"இன்னாம்மா, காதுல வுழுந்துச்சா? படவேட்டுல ஆடி வெள்ளி கச்சேரி. அவன் டேப்லட்டை மேடையில வெச்சிர்றோம். பின்னாடி பெரிய திரை. அவன் வாசிச்ச மாதிரியே பட்டனுங்க தானா எரியணும். சனம் அழுதுடும்."

"யாருண்ணா அழணும்?"

"அட, மரியாதைக்குத்தாம்மா சொல்றேன். பத்து நிமிஷ வேலைன்னு நீதானே சொன்ன?"

சொன்னது உண்மைதான். எந்தப் பாட்டுக்கு எந்தப் பட்டன் திரையில் வர வேண்டும், விரல் பட்டால் எப்படி விரிய வேண்டும், எடுத்தால் எவ்வளவு மெதுவாக மங்க வேண்டும் என்று டேப்லட்டுக்கு நிரல் எழுதிக் கொடுத்தவள் அவள். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு வரியும் சேர்த்திருந்தாள். விரல் எங்கே பட்டது, எந்த நொடியில் பட்டது என்று அந்த வரி குறித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் அதை நீக்க மறந்துவிட்டாள். நான்கு வருடக் கச்சேரிகள் அதில் சேர்ந்திருந்தன. காரியத்தன்று அழுகையோடு அழுகையாக இவரிடம் அவளே அதைச் சொல்லியிருந்தாள்.

அதன்பின் ஒருநாள் காலை, கடைசிக் கச்சேரியை ஓடவிட்டுப் பார்த்தாள். பட்டன்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, மங்கின. மூன்றாவது பாட்டில் அவன் எப்போதும் அரை நொடி முந்துவான், அன்றும் முந்தினான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வாசிப்பது போலிருந்தது அவளுக்கு. திரும்பிப் பார்க்கவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி தெரியட்டும் என்று எழுதி, மறுபடி ஓடவிட்டாள்.

வலது கீழ் மூலையில் புள்ளிகள் குவிந்தன. அங்கே பட்டனே கிடையாது. ஐந்தாவது பாட்டிலிருந்து முடியும்வரை, வெற்றிடத்தில் நாற்பத்தொரு முறை தொட்டிருந்தான்.

மார்கழியில் இதே அறையில் கேட்டான்: "கை மரத்துப் போவுது கீதா. இந்த மூலையில ஒரு பட்டன் வை. தொட்டா எல்லாம் நின்னுடணும்."

"நீ கையை எடுத்தா நிக்கப்போவுது. அதுக்கு ஒரு பட்டனா?"

அவனும் சிரித்தான். அடுத்த வாரம் வைக்கிறேன் என்றாள். மருத்துவரிடம் போகலாம் என்று ஏன் சொல்லத் தோன்றவில்லை? வைத்துவிட்டதாக நினைத்தா தொட்டான், அல்லது இல்லை என்று தெரிந்துமா? தூங்கி எழும் ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி அவளுக்கு முன்பே விழித்திருந்தது.

ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்தது. ஜன்னலின் மேல்கம்பியில் கோத்திருந்த துளியொன்று கீழே மேசையிலிருந்த டேப்லட்டில் சொட்டியது. ஒரு பட்டன் விரிந்து, மெதுவாக மங்கியது. குணசீலன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தோ... அவனே சரின்றான் பாரு."

"தண்ணி பட்டாலும் எரியும்ணா."

"சரி, தண்ணியோ அவனோ. எல்லாப் பாட்டும் போட்டுக் குடுத்துடு. ராத்திரி முழுக்க வாசிக்கட்டும்."

முழுக்க. அவள் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். வலது மூலைக்கு வந்ததும் கை அங்கேயே நின்றது. பிறகு டேப்லட்டை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டீ ஆறிடுச்சு, வேற போடட்டுமாண்ணா?"

"டீ கெடக்கட்டும். வியாழக்கெழம வந்து வாங்கிக்கட்டுமா?"

"வேணாங்கண்ணா," என்றாள். "அவரு வாசிச்சது போதும்."