ரொட்டியில் இரண்டு கடி

கம்பளிப்புழுக்கள் எர்கேஷைத் தூக்கிக்கொண்டு போன நாளில், அவர் கடைசியாகச் செய்த சாதாரண காரியம், ரொட்டியை ஒரு கடி கடித்து வாசற்படியில் வைத்துவிட்டு பூட்ஸ் மாட்டியதுதான். மேல்காட்டில் மூன்று நாள் வேலை இருந்தது. வால்நட் மரங்களிலிருந்து புழுமுட்டைகளைச் சுரண்டி, அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். கிர்கிஸ் வீடுகளில் வெளியே தங்கப்போகிறவர் கடித்த ரொட்டியை ஆணியில் மாட்டிவைப்பார்கள். மிச்சத்தைத் தின்ன அவர் திரும்பி வந்தாக வேண்டும். அவர் மனைவி புர்மகானும் அப்படியே எடுத்து மாட்டினாள்.

குஞ்சுப்புழுக்கள் நூல்விட்டுக் காற்றில் ஏறும் பதினொரு மணிக்கு, எர்கேஷும் அவருடைய ஏணியும் சுண்ணாம்பு வாளியும் அவற்றோடு சேர்ந்து மேலே பறந்து போனார்கள். பள்ளிக்கூடக் கூரைமேல் சுண்ணாம்பு சிந்தி வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பிறகு மலை மறைத்துவிட்டது. வியாழக்கிழமை அடுத்த பள்ளத்தாக்கில் ஏணி கிடைத்தது. ஏணிக்கு, இறந்தவர்களுக்கு வைக்கும் நாற்பதாம் நாள் விருந்தை வைக்க முடியாது என்று புர்மகான் சொல்லிவிட்டாள்.

புழுக்கள் மட்டும் வருடம் தவறாமல் வந்தன. விமானத்திலிருந்து மருந்து தூவினார்கள். புழுக்கள் நனைந்தன, காய்ந்தன, விட்ட இடத்திலிருந்து தின்றன. நான்காம் வருடம் ஒரு மரமும் காய்க்கவில்லை. ஊர் பிழைப்பதே அந்தக் காயில்தான். அப்போதுதான் வனக்காவலர் தாஷ்தான், புர்மகான் வீட்டில் தேநீர் குடிக்கும்போது ரொட்டியை உற்றுப் பார்த்தார். எர்கேஷின் கடிக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் இன்னொரு கடி.

"அண்ணி, இது யாரு கடிச்சது?"

"படியில வச்சிருந்தாரு. எதுவோ கடிச்சிருக்கும்."

"புழு அண்ணி. நாமளே ரொட்டியை மாட்டி வான்னு சொல்லிட்டு, நாமளே மருந்தடிச்சா அது எங்க போகும்?"

மறுநாள் ஊரே வந்து உட்கார்ந்தது. ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம், ஆட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

"ஆடு தின்னுட்டா அவரு எதைத் தின்ன வருவாரு?" என்றாள் புர்மகான்.

"நாலு வருஷமாச்சு அண்ணி."

"புழுவுக்கும் நாலு வருஷந்தான் ஆச்சு. அது வரலையா?"

வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

திங்கட்கிழமை அவள் மரத்திலிருந்து ஒரு புழுவைப் பிடித்துவந்து, விருந்துக்கான துணியை விரித்து, ரொட்டியை முன்னால் வைத்தாள். கல்லாகிப் போன ரொட்டி என்பதால், புழு கடித்த பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தேநீர் தெளித்தாள்.

"வந்துட்டேல்ல. உன் பங்கைத் தின்னுட்டுக் கிளம்பு. அவரு பக்கம் வாயை வச்சே, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமைவரை தின்றது. எர்கேஷின் பல்தடம்வரை வந்து நின்றது. அந்த ஊரில் பசியாறியவர்கள் நன்றி சொல்லிக் கைகளால் முகத்தைத் தடவிக்கொள்வதைப்போல முன்கால்களால் தடவிக்கொண்டு, வாசல் வழியாகவே வெளியேறியது. அன்று மாலைக்குள் காட்டிலிருந்த புழுக்கள் அத்தனையும் நூல்விட்டு மலைக்கு அப்பால் போய்விட்டன. அடுத்த இலையுதிர்காலத்தில் தாஷ்தான் முதல் மூட்டை வால்நட்டை அவள் வீட்டில் இறக்கினார். ரொட்டியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

மிச்சம் அதே ஆணியில்தான் இருக்கிறது. எர்கேஷுக்கு முன்பல் ஒன்று கிடையாது. அதனால் அவர் கடித்த வளைவின் நடுவில் ரொட்டி கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.